டூக்கோ அடித்த கதை

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு பட்டறைக்குப் போய் "வண்டிக்கு டூக்கோ அடிக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கம்பெனி பெயிண்ட் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பிரஷ்ஷில் அடித்தால் சாதா பெயிண்ட், 'கன்'னில் அடித்தால் டூக்கோ. அவ்வளவுதான் கணக்கு. காருக்கும் டூக்கோ, கல்யாணக் கட்டிலுக்கும் டூக்கோ. நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனது போல, வனஸ்பதியெல்லாம் டால்டா ஆனது போல, ஒரு கம்பெனி வைத்த பெயர் தொழிலுக்கே பெயராகிவிட்டது. காதில் விழும்போது தெலுங்கு மாதிரி இருக்கும் ('தீஸ்கோ', 'சூஸ்கோ' வரிசையில் டூக்கோ :-)). ஆனால் பக்கா அமெரிக்கச் சரக்கு.

நான் இந்தப் பெயரின் பின்னால் போனதற்குக் காரணம் என் வீட்டு கராஜில் நிற்கிறது. 1978 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த வண்டி, இப்போது தேய்த்தால் கையில் ரோஸ் சுண்ணாம்பு ஒட்டுகிறது. தங்கமணிக்கு ஒரே கேள்விதான்: "இதுல பிள்ளைங்க எங்க உக்காரும்?" பதில் இல்லை. இங்கே ஒரு பாடி ஷாப்பில் முழு பெயிண்டுக்கு விலை கேட்டேன். ஐயாயிரம் டாலர் என்றார்கள். காரை வாங்கியதே அதில் பாதி விலைக்குத்தான்.

நம்மூரில் என்றால் இதை எவ்வளவு மலிவாக முடித்திருப்போம் என்று நம்மில் யார்தான் சொல்லாமல் இருந்திருக்கிறோம்? தைக்கிற கூலியில் இருந்து பல் டாக்டர் பில் வரை இதே பாட்டுதான். இந்தத் தடவை, அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கதை நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகிறது.

ஆரம்ப காலக் கார்களுக்கு குதிரை வண்டிக்கு அடிக்கிற அதே வார்னிஷ்தான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம். ஒரு கோட் அடித்து, நாள் கணக்கில் காய வைத்து, தேய்த்து, அடுத்த கோட். ஒரு கார் முழுசாகக் காய்ந்து வெளியே வர வாரக் கணக்கில் ஆகும். அசெம்பிளி லைனில் வண்டி மணிக்கணக்கில் தயாராகிறது, பெயிண்ட் காய வாரக்கணக்கில் காத்திருக்கிறது. இப்படி நிற்கிற ஆயிரக்கணக்கான வண்டிகளை எங்கே வைப்பது? ஃபோர்ட் தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றதற்கு இதுவும் ஒரு காரணம். சூடான அறையில் சுட்டு எடுக்கக்கூடிய கறுப்பு எனாமல் மலிவு, நன்றாக உழைக்கும், சீக்கிரமும் காயும்.

முதல் உலகப் போர் முடிந்தபோது டூபான்ட் கம்பெனியிடம் நைட்ரோ செல்லுலோஸ் தயாரிக்கும் ஆலைகள் ஏராளமாக இருந்தன. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் வெடிமருந்துச் சரக்கு. போர் முடிந்தால் வெடிமருந்தை யார் வாங்குவது? அதைக் கரைப்பானில் கரைத்து, கெட்டியாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் பீய்ச்சி அடிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, வண்ணம் சேர்த்து, 1923-ல் 'டூக்கோ' என்று பெயர் வைத்து விற்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 1924 மாடல் ஓக்லண்ட் கார் இந்தப் பெயிண்டில் நீல நிறத்தில் வெளிவந்தது. (டூபான்ட் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பங்குதாரர். மாப்பிள்ளையும் நம்மாளு, பொண்ணும் நம்மாளு.) வாரக்கணக்கு மணிக்கணக்காகக் குறைந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் பற்றி ஒரு கதை சொல்வார்கள். புதுப் பெயிண்டை நம்பாத ஒருவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர் தன் காரைக் காணாமல் தேட, எதிரே வேறு நிறத்தில் நின்றதாம் அதே கார். நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து ஆட்களுக்கு டூக்கோ எவ்வளவு பெரிய அதிசயம் என்பதற்கு இந்தக் கதை போதும்.

பெயிண்ட் வந்துவிட்டது. அடிக்கக் கருவி? இதற்கு நான் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. நான் பொட்டி தட்டிக் காலம் தள்ளும் இதே ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகரத்துக் கதைதான். 1880-களின் கடைசியில் இங்கே ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு மருத்துவர். காது மூக்கு தொண்டை வைத்தியம். நோயாளியின் தொண்டையில் பஞ்சால் மருந்து தடவுவதற்குப் பதில், ரப்பர் பந்தை அமுக்கினால் மருந்து பனிபோலப் போய்ப் படியும்படி ஒரு சின்னக் கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தை எடுத்து 1907 வாக்கில் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் ஆக்கினார். அதே கம்பெனி சீமாட்டிகளுக்கான சென்ட் பாட்டில் பீச்சிகளும் செய்தது. அவற்றை இன்றும் பழம்பொருள் பிரியர்கள் தேடி வாங்குகிறார்கள். தாமஸ் பெயரில் இங்கே ஒரு உயர்நிலைப் பள்ளிகூட 1991 வரை நடந்தது.

தொண்டையைக் குணப்படுத்த வந்த கருவி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன். சித்தூர், 1980-களின் பிற்பகுதி. பழைய என்.ஹெச்.4 ராணிப்பேட்டையில் இருந்து சித்தூர் வந்து, பலமநேர், முள்பாகல் வழியாக பெங்களூர் போகும். வெல்லம் ஏற்றிய லாரி, மாம்பழ சீசனில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரி என்று ராத்திரி பகல் ஓட்டம். லாரி என்றால் எஃப்.சி. உண்டு. எஃப்.சி.க்குப் போகும் முன்னால் வண்டியைப் புதுப்பெண் மாதிரி ஜோடிக்க வேண்டும். வருஷா வருஷம் வரும் இந்தச் சடங்குதான் நம்மூர் பெயிண்டர்களுக்குச் சோறு போட்டது. கார் என்பது நடுநடுவே வரும் பலகாரம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெயிண்டர் மேஸ்திரி. தெலுங்குக்காரர், தமிழும் அதே வேகத்தில் வரும். சித்தூரில் யாருக்குத்தான் வராது? 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரைக்கும் நாம் சென்னை மாநிலம்தானே. பட்டறை என்றால் புளியமரம், ஒரு கம்ப்ரஸர், நாலு தகர டப்பா. அவ்வளவுதான்.

புளியமரத்தடியில் கார் பெயிண்ட் எப்படிச் சாத்தியம்? தூசு ஒட்டாதா? இதற்குப் பதில் டூக்கோவின் குணத்தில் இருக்கிறது. அது வேதிமாற்றத்தால் இறுகுவதில்லை. தின்னர் ஆவியாகிப் போனால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் சில நிமிடங்களில் மேல் தோல் காய்ந்துவிடும், தூசு உட்கார நேரம் கிடைக்காது. அப்படியே உட்கார்ந்தாலும் மறுநாள் வாட்டர் பேப்பரில் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கிவிடலாம். தப்பைத் திருத்த இடம் கொடுக்கும் பெயிண்ட். ஒரே எதிரி மழை. காற்றில் ஈரம் இருந்தால் பூத்துப்போய் வெள்ளை அடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் மேஸ்திரி கன்னைத் தொடவே மாட்டார், டிங்கரிங் வேலையோடு சரி.

அவரிடம் வந்த வண்டிகளில் எங்கள் பசங்க கூட்டத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்தான். சிரிக்காதீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த கார் அது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் நம்மூர் அவதாரம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகலாட்டி. அதே ஹெரால்டின் சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிகலாட்டி வரைந்த உடம்பை மேலே வைத்து 1962-ல் ட்ரையம்ஃப் விட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். ஆக என் கராஜில் நிற்பது பெருங்களத்தூர்க்காரரின் பங்காளி. தூரத்து உறவுகூட இல்லை, நேர் பங்காளி.

ஹெரால்டை மலிவாகப் பெயிண்ட் அடிக்க முடிந்ததற்கு அதன் பிறப்பும் ஒரு காரணம். ட்ரையம்ஃபுக்கு முழு பாடி அடித்துத் தர அப்போது பெரிய ஆலை கிடைக்கவில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து ஒரே பெட்டியாக முன்னால் சாயும். கூரையைக்கூடப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். எடுத்தால் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்! கழற்றிய பாகத்தைத் திண்ணையில் வைத்து நிதானமாகத் தேய்க்கலாம். மூலை முடுக்கெல்லாம் கை போகும். நசுங்கிய பாகத்துக்கு மெட்ராஸ் புதுப்பேட்டையில் போய் வேறு பாகம் வாங்கி வந்து மாட்டலாம்.

மேஸ்திரியின் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பெயிண்ட் அடிப்பது ரொம்பக் கொஞ்ச நேரம்தான். முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டுவது. அப்புறம் பட்டி. தகட்டால் இழுத்து, காய்ந்ததும் மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, வாளித் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்ப்பது. 120, 220, 320, 400 என்று பேப்பர் மெலிந்துகொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. இரண்டு பையன்கள், பதினைந்து இருபது நாள். கண்ணாடியில் பழைய ஈநாடு பேப்பரை ஒட்டி மறைத்துவிட்டு, கடைசியில் ஒரே காலை வேளையில் அடித்து முடித்துவிடுவார்.

மலிவாகப் பெயிண்ட் வேலை செய்ய அமெரிக்கர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஏர்ல் ஷைப் என்பவர் 1937-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கடை நாடு முழுக்கக் கிளை விட்டது. எந்தக் காரானாலும் எந்த நிறமானாலும் 29.95 டாலர் என்று அவரே டிவியில் வந்து சொல்வார். ரொம்ப வருஷம் அதே விலை, அதே மனிதர். காலையில் விட்டால் சாயங்காலம் புது நிறத்தில் எடுத்துக்கொண்டு போகலாம். எப்படிக் கட்டுபடியானது? தேய்ப்பதைக் குறைத்துவிட்டார்கள்! லேசாக ஒரு உரசு, அவசரமாக மறைப்பு, ஒரு கோட், சூட்டறை. டயரிலும் பம்பரிலும் தெறித்த பெயிண்ட் அந்தக் கடையின் கையெழுத்து என்று இங்கே பெரிசுகள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். 1972-ல் மாக்கோ வந்தது, அதே மலிவு ரகப் போட்டி. ஷைப் 1992-ல் காலமானார், கம்பெனி 2010-ல் கடையை மூடியது.

ஆக, மலிவு பெயிண்ட் என்பது பெயிண்டின் மலிவே அல்ல. டப்பாவில் இருப்பது செலவில் சின்னப் பங்கு. மிச்சமெல்லாம் தேய்க்கிற கை. அமெரிக்கன் அந்தக் கையை விட்டுவிட்டு மலிவாக்கினான். நாம் அந்தக் கைக்குக் கம்மியாகக் கொடுத்து மலிவாக்கினோம். பொருளாகப் பார்த்தால் நம்முடையது நூறு மடங்கு உசத்தி, சந்தேகமே இல்லை. ஷைப் அடித்த கார் இரண்டாம் வருஷம் உரிந்தது, மேஸ்திரி அடித்த ஹெரால்டில் முகம் பார்க்கலாம்.

கூலி மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை.

மேஸ்திரி அடிக்கும்போது வாயைச் சுற்றி ஒரு ஈரத் துண்டு கட்டிக்கொள்வார். தினமும் சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம். தூசு வேலை செய்கிற எல்லோரும் அப்போது தின்பார்கள், தொண்டையில் இருப்பதை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. சித்தூரில் வெல்லத்துக்குப் பஞ்சமா? ஆனால் நுரையீரலுக்குப் போனதை வெல்லம் எப்படி எடுக்கும்? தின்னர் ஆவிக்கு ஈரத் துண்டு ஒரு தடையே இல்லை. ஒரே ஒரு நல்ல விஷயம், தண்ணீர் போட்டுத் தேய்த்ததால் பட்டித் தூசும் பழைய பெயிண்டின் ஈயத் தூசும் பெரும்பாலும் வாளியிலேயே தங்கியது.

அப்புறம் மாருதி வந்தது. 1983 டிசம்பரில் தொடங்கி, பத்து வருஷத்தில் தெருவெல்லாம் புதுக் கார். கம்பெனியில் சூட்டறையில் சுட்டெடுத்த பளபளப்பு எல்லோருக்கும் பழகிவிட்டது. டூக்கோவின் பளபளப்பு ராயலசீமை வெயிலில் சில வருஷத்தில் மங்கிவிடும். அதனால் பட்டறைகளும் 'டூ-கே' என்ற புது ரகத்துக்கு மாறின. பெயிண்ட் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்தால் வேதிமாற்றத்தால் இறுகும் பாலியூரித்தேன். தேய்க்காமலே கண்ணாடி மாதிரி பளபளப்பு, வெயிலுக்கு அசையாது. கம்பெனி மாறியது, சரக்கு மாறியது, பெயர் மட்டும் டூக்கோவாகவே நின்றுவிட்டது.

அந்த இரண்டாவது டப்பாவில் இருப்பது ஐசோசயனேட். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் தொடங்கிவைத்த வேதியியல். போபால் என்றதும் நினைவுக்கு வரும் மெத்தில் ஐசோசயனேட்டும் இதே குடும்பப் பெயர்தான். பொருள் வேறு, வீரியம் வேறு, அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் பெயிண்டில் வரும் இந்த வகையும் சாமானியம் இல்லை. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒரு தடவை உடம்பு இதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், அப்புறம் துளியூண்டு பட்டாலும் மூச்சு இழுக்கும். கெடுதல் செய்யும் அளவிலும் மூக்குக்கு வாசனை தெரியாது. அதனால் முகமூடி வேலை செய்கிறதா என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளியில் இருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி போட வேண்டும். ஈரத் துண்டு எங்கே, இது எங்கே.

அமெரிக்காவில் 2008-ல் இதற்கு ஒரு விதி வந்தது. சில உலோகங்கள் கலந்த பெயிண்டை அடிக்கிற கடை வடிகட்டி வைத்த மூடிய அறைக்குள்தான் அடிக்கணும், பயிற்சி பெற்ற ஆள்தான் அடிக்கணும். ஏற்கெனவே இருந்த கடைகளுக்கு 2011 ஜனவரி வரை அவகாசம். என்னிடம் கேட்ட ஐயாயிரத்தில் அந்த அறையும், முகமூடியும், அடிப்பவரின் இன்ஷூரன்ஸும் அடக்கம். சொந்தக் காரை வீட்டில் வைத்து அடித்துக்கொள்கிறவனை அந்த விதி கண்டுகொள்ளாது. (தங்கமணி கண்டுகொள்வார், அது வேறு.) நம் நாட்டில் 2016-ல் போட்டு 2017 நவம்பரில் அமலுக்கு வந்த ஈய விதியோ வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான், வண்டிப் பெயிண்டுக்கு இல்லை.

மேஸ்திரி புரட்டாசி தவறாமல் அலிபிரியில் இருந்து நடந்தே திருமலை ஏறுவார். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி. எங்களை எல்லாம் முந்திக்கொண்டு போய் காளி கோபுரத்தில் உட்கார்ந்து சிரிப்பார். டூ-கே வந்த சில வருஷத்தில் பாதிப் படியில் உட்கார ஆரம்பித்தார். அப்புறம் பஸ்ஸில், 1944-ல் திறந்த மலைப்பாதை வந்தது நல்லதாய்ப் போச்சு என்று சொல்லிக்கொண்டே. ஐம்பது வயதில் கன்னை இறக்கி வைத்துவிட்டார். காரணம் இன்னது என்று எந்த டாக்டரும் சீட்டில் எழுதித் தரவில்லை. தின்னரா, ஹார்ட்னரா, லாரிப் புகையா, பீடியா? பையன்கள் இருவரையும் அந்தப் பக்கமே விடவில்லை. ஒருத்தன் இப்போது பெங்களூரில் என்னைப் போலவே பொட்டி தட்டுகிறான்.

ஸ்பிட்ஃபயர் விலை கேட்டுவிட்டு வந்த வாரம் அவருக்குப் போன் போட்டேன். "அண்ணா, நானே அடிச்சிடலாமான்னு பாக்கறேன்" என்றேன்.

"தேய்க்கறது நீயே தேய்ப்பா. எத்தனை நாள் ஆனாலும் பரவால்ல. அடிக்கறது மட்டும் வேணாம். ரூம் இருக்கறவன்கிட்ட குடுத்துடு" என்றார். அப்புறம் அரைமணி நேரம் பட்டி எவ்வளவு கனம் போடணும் என்று பாடம்.

அதன்படிதான் நடக்கிறது. மூன்று மாதமாக ஆபீஸ் விட்டு வந்ததும் வாளியும் வாட்டர் பேப்பருமாக உட்கார்ந்துவிடுகிறேன். பழைய பெயிண்டை உருக்கி எடுக்க முன்பெல்லாம் மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் கடையில் கிடைக்கும். ஆட்களைக் கொன்றதால் 2019-ல் அதை இங்கே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள், ஆக எல்லாம் கைத்தேய்ப்புதான். கதவு, டிக்கி மூடி எல்லாம் கழற்றி வைத்தாயிற்று. தேய்த்து முடித்துக் கொண்டுவந்தால் அடிப்பதற்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு என்று அதே கடையில் சொல்லியிருக்கிறார்கள். பெண் வந்து உள்ளங்கையால் தடவி "இங்க பள்ளம்பா" என்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

பி.கு.: லீவில் ஊருக்குப் போகும்போது அப்பாவின் பழைய பத்மினிக்கோ ஹெரால்டுக்கோ பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு: திருப்பதி, சித்தூர் பக்கம் இன்றும் தேய்ப்பு வேலை பிரமாதமாகச் செய்வார்கள். மூடிய பூத் இருக்கிற இடமாகப் பாருங்கள். அடிப்பவருக்குக் காற்றுக்குழாய் முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். நம் மலிவுக் கணக்கில் அது பெரிய தொகை இல்லை. பழைய எனாமல் மேல் நேராக டூக்கோ அடிக்க விடாதீர்கள், தின்னர் பட்டுச் சுருங்கிப்போகும். நிறம் மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பூஜை போடும்போது புதுப் பெயிண்ட் மேல் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை வைக்காதீர்கள். கறை போகாது, கண்ணாடியில் வைத்தால் போதும்.